தலைகீழ் முத்திரை

அறிக்கையின் முதல் பக்கத்தில் ஆறு கட்டங்கள் இருந்தன. ஐந்தில் சிவப்பு முத்திரை விழுந்திருந்தது. ஆறாவது கட்டம் என்னுடையது.

"என்னம்மா குராஷினா, இதுல யோசிக்க என்ன இருக்கு? ஒரு குத்து. குத்திட்டு சாப்பிடப் போவோம். கீழ சோபா நூடுல்ஸ் கடையில கூட்டம் சேர்ந்துடும்," என்றார் என் மேலதிகாரி ஹிராகா.

வங்கிகளை ஆய்வு செய்கிற எங்கள் அரசாங்க அலுவலகத்தில் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. ஆளுக்கொரு சின்ன முத்திரை. அதில் குடும்பப் பெயர் செதுக்கியிருக்கும். குத்துவதிலும் ஒரு பவ்யம் உண்டு. இடது கோடியில் மேலதிகாரியின் முத்திரை நிமிர்ந்து நிற்கும். அடுத்தடுத்த கட்டங்களில் இருக்கும் நாங்கள், எங்கள் முத்திரையைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்துக் குத்த வேண்டும், அவரைப் பார்த்துக் குனிவதுபோல. எந்தச் சட்டத்திலும் இது இல்லை. ஆனாலும் நேராகக் குத்துகிறவளுக்குத் திமிர் பிடித்தவள் என்று பெயர் கிடைத்துவிடும். அன்றைக்கு அந்தத் தாளிலும் நான்கு முத்திரைகள் ஹிராகாவின் முத்திரையைப் பார்த்து வரிசையாகக் குனிந்துகொண்டிருந்தன. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அது மினாசே வங்கி திவாலானதைப் பற்றிய உள்விசாரணை அறிக்கை. முப்பத்தெட்டுப் பக்கம். அதில் முப்பத்தேழரைப் பக்கம் வெறும் வைக்கோல். கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரிதான் விஷயம்: "1995ஆம் ஆண்டு ஆய்வின்போது வங்கியின் உண்மை நிலை ஆய்வாளர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை."

அந்த வரியை நான்கு முறை படித்தேன். அந்த ஆய்வாளர்களில் நானும் ஒருத்தி. எனக்குத் தெரிந்திருந்தது. எதிரே உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஹிராகாவுக்கும் தெரிந்திருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். மறைத்துவிட்டு, வா, வந்து சாட்சிக்கு ஒரு குத்துக் குத்து என்று என்னையே கூப்பிடுவார்கள் என்று நினைக்கவில்லை.

1995 அக்டோபரில் ஆறு பேர் மினாசே ஊருக்குப் போனோம். அது "திடீர் ஆய்வு". எவ்வளவு திடீர் என்றால், ரயில் நிலைய வாசலில் மழைக்கு ஆறு குடைகளோடு ஒரு ஆள் காத்திருந்தான். ஒரிஹாரா என்று பெயர், வங்கிக்காரன். எங்கள் அலுவலகத்து ஆட்களுக்கு வருஷம் முழுக்கச் சாப்பாடு வாங்கிக்கொடுத்து, ஆய்வு எந்தத் தேதியில் வருகிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வதுதான் அவனுடைய உத்தியோகம். அதற்கு வங்கியில் தனி நாற்காலி, தனிச் சம்பளம், பதவி உயர்வு எல்லாம் உண்டு. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் ஏதேதோ கோப்புகள் பெட்டி பெட்டியாக ஊழியர்களின் வீட்டுப் பரண்களுக்கு ஏறிவிட்டன என்பது பிறகு தெரிந்தது.

எங்கள் நேர்மையையும் சொல்ல வேண்டும். ஆய்வு நடக்கிற வங்கியில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டோம். ஆளுக்கொரு பிளாஸ்கில் தேநீர் கொண்டுபோவோம். பகலெல்லாம் அதைக் குடித்துவிட்டுச் சாயங்காலம் விடுதிக்குத் திரும்பினால், அங்கே ஒரிஹாராவின் உபயத்தில் நண்டு வெந்துகொண்டிருக்கும். ஹிராகா முதல் நண்டுக்காலை உடைப்பார். அதன் பிறகு மற்றவர்கள் உடைப்போம். நானும் தின்றேன். தின்னவில்லை என்று சொன்னால் வாய் அழுகிப்போகும்.

விடுதியை நடத்தியவர் கினுயே. அறுபது வயசு. புருஷன் போன பிறகு பதினோரு அறைகளையும் ஒரு வெந்நீர்க் குளத்தையும் ஒண்டியாகக் கட்டி ஆண்டவர். ஊரே அவரை ஒகாமி என்றுதான் கூப்பிடும். விடுதிக்கார அம்மாவை வேறெப்படியும் யாரும் அழைப்பதில்லை. ஆறு பேரில் நான் ஒருத்திதான் பெண் என்பதால் சமையலறைக்குப் பக்கத்து அறையை எனக்குக் கொடுத்து, ஆண்கள் குளித்து முடிக்கும்வரை காத்திருக்காமல் தன் குளியலறையிலேயே குளிக்கச் சொன்னார்.

"வங்கிக்காரங்கள நல்லா துருவிப் பாருங்கம்மா. எங்க மாமனார் காலத்துலருந்து எங்க காசு அங்கதான் கிடக்கு," என்று ஒரு நாள் துண்டை நீட்டிக்கொண்டே சொன்னார்.

துருவித்தான் பார்த்தேன். ஹோஷிகுரா வர்த்தக நிறுவனம் என்று ஒரு பெயர் கணக்கில் திரும்பத் திரும்ப வந்தது. நானூற்றிருபது கோடி யென் கடன். அந்தப் பணத்தில் பெரும்பகுதி, மலைமேல் பாதி கட்டி நின்றுபோன ஒரு கோல்ஃப் மைதானக் கம்பெனியின் பழைய வட்டியைக் கட்டப் போயிருந்தது. அதாவது, செத்த கடனுக்கு மூச்சு இருப்பதாகக் காட்ட வங்கி தன் பணத்தையே தன் மூக்குக்குள் ஊதிக்கொண்டிருந்தது. ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில் ஹோஷிகுராவின் முகவரியைத் தேடிக்கொண்டு நடந்தேன். கம்பெனி இல்லை. காசு போட்டால் துணி துவைக்கிற கடை இருந்தது. ஏழு இயந்திரங்கள், அதில் இரண்டு ரிப்பேர். ஒரு கிழவர் தன் போர்வை சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கடன்களை நாங்கள் நான்கு வகுப்புகளாகப் பிரிப்போம். ஒன்று, நல்லது. நான்கு, இனி வராது, தலைமுழுக வேண்டியது. ஹோஷிகுரா கடனை நான்கில் போட்டேன். அதைப் போட்டால் வங்கியின் மூலதனமே மிஞ்சாது. அன்றைக்கே கடையைக் கட்ட வேண்டியதுதான். என் தாளில் முத்திரை குத்தி ஹிராகாவிடம் கொடுத்தேன். அவர் சிவப்புப் பென்சிலை எடுத்தார். நான்கை அடித்தார். பக்கத்தில் இரண்டு என்று எழுதினார். "கொஞ்சம் கவனிக்கணும்" என்கிற வகுப்பு அது.

"சார், அது துணி துவைக்கிற கடை."

"பாத்தேன்னு சொல்றே. சரி. நீ நாலுன்னு போட்டா நாளைக்குக் காலைல வங்கி வாசல்ல ஊரே வரிசைல நிக்கும். அப்புறம் பக்கத்து ஊரு வங்கி. அப்புறம் அதுக்குப் பக்கத்து ஊரு. நீ போய் சமாளிப்பியா? நிலம் விலை ஏறும்மா. ரெண்டு வருஷம் பொறு. எல்லாம் தன்னால சரியாகும்."

தாளை வாங்கிக்கொண்டு என் மேஜைக்குத் திரும்பினேன். சுத்தமாக எழுதிய அறிக்கை சுற்றுக்கு வந்தது. எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு: ஒரு தாளில் உடன்பாடு இல்லை, ஆனால் மறுக்கவும் தைரியம் இல்லை என்றால், முத்திரையைத் தலைகீழாகக் குத்துவது. அப்படித்தான் குத்தினேன். குராஷினா என்ற என் பெயர் அந்தக் கட்டத்தில் கால் மேலே, தலை கீழே நின்றது. அன்றைக்கு விடுதிக்குத் திரும்பும்போது எனக்குள் என்ன கர்வம் தெரியுமா? ஏதோ பெரிய போர் செய்துவிட்டு வந்தவள்போல நடந்தேன். நினைத்தால் இப்போது என்னையே அறைந்துகொள்ளலாம்போல இருக்கிறது.

சிவப்புப் பென்சில் போட்ட அந்த முதல் தாளைக் கிழித்துப்போடச் சொன்னார்கள். நான் கிழிக்கவில்லை. வீரம் எல்லாம் இல்லை. நாளைக்கு என் தலையில் விடிந்தால் காட்டலாம் என்ற பயம்தான்.

1997 மார்ச்சில் கினுயே எனக்கு ஃபோன் செய்தார். வங்கி மூலதனம் திரட்டப் புதுப் பங்குகளை வெளியிட்டிருந்தது. ஊரில் எந்தக் கடைக்காரரையும் விடவில்லை. உங்கள் வங்கி, உங்கள் ஊர், கை கொடுங்கள் என்று வீடு வீடாகப் போனார்கள்.

"மேனேஜரே வந்து கூடத்துல உக்காந்திருக்காரும்மா. மூணு கோடிக்கு வாங்கணுமாம். கையில அவ்வளவு ஏதுன்னேன். விடுதிய அடமானம் வைங்க, கடனும் நாங்களே தர்றோம்ங்கறாரு. ஆய்வுலயே பாஸாயிட்டோம்ங்கறாரு. நீங்கதானே பாத்தீங்க? வாங்கலாமா?"

ரகசியக் காப்புச் சட்டம் எங்கள் தொண்டைக்குழியில் எப்போதும் உட்கார்ந்திருக்கும். "அதைப் பத்தி நான் எதுவும் சொல்லக் கூடாது, ஒகாமி," என்றேன். குரலைத் தாழ்த்தி, இழுத்து, நடுவில் ஒரு பெருமூச்சும் விட்டுச் சொன்னேன். புரிந்துகொள்வார் என்று நினைத்தேன். அதுவும் ஒரு தலைகீழ் முத்திரைதான்.

"சரிம்மா, ரொம்ப நன்றி," என்று சந்தோஷமாக ஃபோனை வைத்தார்.

அந்த நவம்பரிலேயே வங்கி விழுந்தது. ஊரார் போட்டு வைத்திருந்த பணத்துக்கு அரசாங்கம் உத்தரவாதம் கொடுத்தது. பங்குகளுக்கு யார் கொடுப்பார்கள்? மூன்று கோடி யென் ஒரே காலையில் வெறும் காகிதமானது. ஆனால் அந்தக் காகிதத்தை வாங்குவதற்காக வாங்கிய கடன் மட்டும் சாகவில்லை. வங்கியின் கடன்களை வசூலிக்க வந்த புது நிறுவனம் அதைப் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு கினுயேயின் வாசலுக்கு வந்தது.

எங்களுக்கோ சீர்திருத்தம் வந்தது. பழைய அலுவலகத்தைப் பிரித்துப் புது மேற்பார்வை அலுவலகம் திறந்தார்கள். பழைய கள், புதிய மொந்தை. நாற்காலிகளில்கூடப் பழைய எண்கள் ஒட்டியபடி இருந்தன. சீர்திருத்தப் பிரிவுக்குத் தலைவர் யார்? ஹிராகா. வெளிப்படையான நிர்வாகம் என்று மாதத்துக்கு இரண்டு சொற்பொழிவு செய்தார். இனி விருந்து கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பினார். அதன் கீழே முத்திரை நிமிர்ந்து நின்றது.

1999 ஜனவரியில் கினுயே எங்கள் அலுவலக வாசலுக்கு வந்தார். மூன்று வருஷத்தில் பத்து வருஷம் கூடியிருந்தது. கையில் ஏல அறிவிப்பு. மார்ச் பத்தொன்பதாம் தேதி விடுதி ஏலம். வரவேற்பறையில் எல்லாரும் பார்ப்பார்கள் என்று அவரை நான் எதிரே இருந்த பூங்காவுக்கு அழைத்துப்போனேன். பனி கிடந்த பெஞ்சைத் துடைத்துவிட்டு உட்காரச் சொன்னேன். அவர் உட்காரவில்லை.

"வழக்குப் போட்டிருக்கேன். வங்கி அழுகிப்போனது தெரிஞ்சே என் தலையில கட்டினாங்கன்னு நிரூபிச்சா கடன் செல்லாதாம். வக்கீல் சொல்றாரு. ஆனா கடன் வசூல் பண்ண வந்தவங்க, யாருக்குமே தெரியாது, ஆய்வுக்கு வந்த ஆபீசருங்களுக்கே தெரியலைங்கறாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்," என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். குரல் இன்னும் இறங்கியது. "தெரிஞ்சா ஃபோன்ல சொல்லக் கூடாதா?"

"நான்தான் சொன்னேனே ஒகாமி, எதுவும் சொல்லக் கூடாதுன்னு. அந்தக் குரல்லயே..."

"குரல்ல என்னம்மா இருக்கு? கெட்டதுன்னா இந்தப் பொண்ணு சொல்லிடுவா, நம்ம வீட்டுல குளிச்ச பொண்ணு, சொல்லலேன்னா நல்லதுதான்னு நெனச்சேன்."

என்னைக் காப்பாற்றிக்கொள்ள ஏதாவது வேண்டியிருந்தது. "நான் எதிர்ப்பு தெரிவிச்சேன். அறிக்கையில முத்திரையைத் தலைகீழா குத்தினேன்."

"அந்த அறிக்கை எங்க இருக்கு?"

"பெட்டகத்துல. ரகசியம்."

"அப்ப யாருக்குத் தெரிவிச்சீங்க?"

ஊமை கண்ட கனவை ஊமை யாரிடம் சொல்லும்? அவர் ஏல அறிவிப்பை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார். "சாயங்காலம் நீங்க தின்ன நண்டெல்லாம் யார் கணக்குல எழுதினேன்னு எனக்குத் தெரியும். அந்த நோட்டு இன்னும் என்கிட்ட இருக்கு. நான் வாயைத் திறக்கத் தயார். நீங்க?"

யோசிக்கிறேன் என்றேன். யோசிக்கிறேன்! ஒரு மாசம் யோசித்தேன். அதற்குள் இந்த அறிக்கை வந்துவிட்டது. இதில் ஆறாவது முத்திரை விழுந்தால், நீதிமன்றத்தில் அரசாங்கத்தின் வாக்காகவே போய் நிற்கும். கினுயேயின் வழக்கு அத்தோடு முடிந்தது.

"குராஷினா, சோபா ஆறிடும்," என்றார் ஹிராகா.

"இந்தக் கடைசி வரி பொய், சார்."

அவர் சிரித்தார். கோபப்பட்டிருந்தால்கூட நான் பயந்திருப்பேனோ என்னவோ. "மனசு உறுத்துதுன்னா அன்னிக்கு மாதிரி தலைகீழா குத்திக்கோயேன். எனக்கொண்ணும் ஆட்சேபணை இல்ல."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாமலா? முப்பது வருஷமா முத்திரையைப் பாத்துட்டிருக்கேன். தலைகீழா குத்தறவங்கதாம்மா எனக்கு ரொம்ப இஷ்டம். பதிவேட்டுல 'ஒப்புதல்'னுதான் ஏறும். ஆத்திரத்தையெல்லாம் அந்தச் சின்னக் கட்டத்துல கொட்டிட்டு நிம்மதியா வீட்டுக்குப் போயிடுவீங்க. வெளிய ஒரு வார்த்தை வராது. இவ்வளவு நல்ல பிள்ளைங்க வேற யாருக்குக் கிடைப்பாங்க?"

அடப்பாவி. மூன்று வருஷமாக என் நெஞ்சுக்குள் பதக்கம்போல மாட்டி வைத்திருந்தேனே, அது இவனுக்குச் சேவகம் செய்திருக்கிறது. அவன்மேல் வந்த கோபத்தைவிட என்மேல் வந்த கோபம் பெரிது. முத்திரையை உறைக்குள் போட்டேன். உறையைக் கைப்பைக்குள் போட்டேன். எழுந்தேன்.

"குத்த மாட்டேன்."

"உக்காரு."

"நேராவும் மாட்டேன், சாய்ச்சும் மாட்டேன், தலைகீழாவும் மாட்டேன்."

சிரிப்பு நின்றது. "ரகசியக் காப்புச் சட்டம் ஞாபகம் இருக்கில்ல? வேலை போகும். பென்ஷன் போகும். கேஸும் வரும். நாற்பத்தஞ்சு வயசுல யாரு உன்னைச் சேத்துப்பா? எதுக்கு, அந்த விடுதிக்காரிக்காகவா?"

"ஆறு வாரம் அவங்க போட்ட சோறு தின்னோம், சார்."

"காசு குடுத்துதானே தின்னோம்!"

"நண்டுக்கு யாரு குடுத்தா?"

ஹிராகாவின் முகத்தில் முதல் முறையாக ஒரு கணக்கு ஓடியதைப் பார்த்தேன். நான் கதவைச் சாத்தாமலே வெளியே வந்தேன். நடைகூடத்தில் நின்ற இரண்டு பேர் அவசரமாகச் சுவரில் ஒட்டியிருந்த சுற்றறிக்கையைப் படித்தார்கள்.

வீட்டில், குளிர்காலப் போர்வைகளுக்கு அடியில் அந்தப் பழைய தாள் இருந்தது. மஞ்சளாகியிருந்தது. என் நான்கும், அதன்மேல் அவருடைய சிவப்புக் கோடும், பக்கத்தில் அவருக்கே உரிய வால் வளைந்த இரண்டும் அப்படியே இருந்தன. மறுநாள் காலை ரயிலில் மினாசேக்குப் போனேன். இந்த முறை குடையோடு யாரும் நிற்கவில்லை. பனியில் நடந்தேன். கடைத்தெருவில் பாதிக் கதவுகள் இறக்கியிருந்தன. மீன் கடைக்காரர், பாத்திரக் கடைக்காரர், எல்லாரும் பங்கு வாங்கியவர்கள்.

விடுதியில் விருந்தாளிகள் இல்லை. சமையலறையில் கினுயேயும் அவருடைய வக்கீல் ஷிதாராவும் இருந்தார்கள். ஷிதாரா இருமல்காரர், நிதானமானவர். பழைய தாளை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"இதைக் குடுத்துட்டா நீங்க திரும்ப ஆபீஸுக்குப் போக முடியாது. புரிஞ்சுதான் வந்தீங்களா?"

"புரிஞ்சுதான்."

நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். துணி துவைக்கிற கடையில் சுற்றிய போர்வை, சிவப்புப் பென்சில், குடைகள், நண்டு, ஃபோன். எதையும் விடவில்லை, நான் தின்றதையும் விடவில்லை. கடைசியில் வாக்குமூலத்தை என் முன்னால் தள்ளினார். கட்டம் ஒன்றே ஒன்று. யாரைப் பார்த்தும் குனிய வேண்டியதில்லை. மையில் ஒற்றி, நேராக வைத்து அழுத்தினேன். கோணவில்லை.

கினுயே கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார்.

"நேராத்தான் இருக்கு," என்றார்.

"என்னை மன்னிச்சிடுங்க, ஒகாமி."

"அதெல்லாம் பத்தொன்பதாம் தேதிக்கு அப்புறம் பாக்கலாம். கூரை மிஞ்சினா மன்னிக்கறேன்." அவர் தாளை வக்கீலிடம் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "கோர்ட்டுல இதை வாயால சொல்லணும். பெருமூச்சு விட்டா ஜட்ஜுக்குக் கேக்காது. சொல்வீங்களா?"

"சொல்றேன்."

"எங்க, இப்ப சொல்லுங்க. அன்னிக்கு ஃபோன்ல கேட்டேனே. மேனேஜர் கூடத்துல உக்காந்திருக்காரு, மூணு கோடிக்குப் பங்கு வாங்கச் சொல்றாரு. நீங்க பாத்த வங்கி. வாங்கலாமா?"

ஷிதாரா இருமலை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். அடுப்பில் கெண்டி கொதித்துக்கொண்டிருந்தது.

"வாங்காதீங்க," என்றேன்.

"சத்தமா."

"வாங்காதீங்க, ஒகாமி. அது செத்த வங்கி. வாங்காதீங்க."

கினுயே எழுந்துபோய் அடுப்பை அணைத்தார். முதுகைக் காட்டியபடியே நின்றார்.

"இவ்வளவுதானே," என்றார்.